எடை இயல்பு, இடுப்பு அதிகம்: எந்த அளவை நம்புவது?

கேள்வி: எனக்கு 42 வயது, உயரம் 152 செ.மீ., எடை 54 கிலோ. அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை. தனியாக உடற்பயிற்சி என்று எதுவும் இல்லை. ஆண்டுதோறும் செய்யும் முழு உடல் பரிசோதனையில், எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. 23.4, "இயல்பு" என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள். சென்ற மாதம் வீட்டுக்கு வந்த சுகாதாரத் தன்னார்வலர் இடுப்பை அளந்து 84 செ.மீ. என்று குறித்துக்கொண்டு, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சோதனை செய்துகொள்ளச் சொன்னார். 45 வயதான என் கணவருக்கு இதற்கு நேர்மாறு: 172 செ.மீ., 76 கிலோ, பி.எம்.ஐ. 25.7, "அதிக எடை" என்று போட்டிருக்கிறது. ஆனால் அவர் பத்து ஆண்டுகளாக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர். இடுப்பு 83 செ.மீ. தான். எந்த அளவை நம்புவது?

பதில்: உங்கள் விஷயத்தில் இடுப்பை அளந்த நாடா சொல்வதையே நம்புங்கள். அந்தத் தன்னார்வலர் உங்களைத் தேவையில்லாமல் பயமுறுத்தவில்லை. உங்கள் கணவரைப் பொறுத்தவரையும் எடையை வைத்துக் குத்தப்பட்ட முத்திரையைவிட அவருடைய இடுப்பளவுக்கே நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். அதற்காக அவர் சோதனையே செய்துகொள்ள வேண்டாம் என்று பொருளில்லை. சமூக மருத்துவத்தில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். பரிசோதனைத் தாளில் "இயல்பு" என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்து, சில ஆண்டுகள் கழித்துச் சர்க்கரை நோயோடு வந்து நிற்பவர்களை, அதிலும் குறிப்பாக உயரம் குறைந்த பெண்களை, நான் மிகுதியாகப் பார்த்திருக்கிறேன்.

எடையும் இடுப்பளவும் நோயைக் கண்டுபிடிப்பதற்கான சோதனைகள் அல்ல, அவை சல்லடைகள். நாம் உண்மையில் அறிய விரும்புவது உடலில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது, அது எங்கே படிந்திருக்கிறது என்பதைத்தான். அதைத் துல்லியமாகச் சொல்ல டெக்ஸா, சி.டி., எம்.ஆர்.ஐ. போன்ற கருவிகள் வேண்டும், கோடிக்கணக்கான மக்களை அவற்றுக்குள் படுக்கவைக்க முடியாது. எனவே எடை இயந்திரம், உயரம் அளக்கும் கோல், ஓர் அளவு நாடா ஆகியவற்றைக் கொண்டு, யாரை மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று சலித்தெடுக்கிறோம். எந்தச் சல்லடையிலும் இரண்டு விதமான பிழைகள் நேரும். நிற்க வேண்டியது நழுவிப்போவது ஒன்று, நழுவ வேண்டியது நின்றுவிடுவது மற்றொன்று. உங்கள் பி.எம்.ஐ. முதல் வகைப் பிழைக்கும், உங்கள் கணவருடைய பி.எம்.ஐ. அநேகமாக இரண்டாம் வகைப் பிழைக்கும் எடுத்துக்காட்டுகள்.

பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீடு, கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது. இதற்கு வித்திட்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கணிதவியலாளர் அடால்ஃப் கெத்தலே. வளர்ந்தவர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தைப் பின்பற்றிக் கூடுகிறது என்று அவர் 1830களில் கவனித்தார். அவர் தேடியது ஒரு மக்கள்கூட்டத்தின் சராசரி மனிதனை. தனியொருவரின் நோயை அவர் தேடவில்லை. 1972இல் அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைக் கொண்டு இந்தச் சூத்திரத்தைச் சோதித்து, இன்று வழங்கும் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அந்த ஆய்வில் பெண்கள் இல்லை என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த எண்ணுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான், தொடையில் இருக்கும் கொழுப்பும் ஈரலைச் சுற்றியிருக்கும் கொழுப்பும் ஒன்றுதான். 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஏறத்தாழ 32,000 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து, உடலில் மிகைக் கொழுப்பு உள்ளவர்களில் எத்தனை பேரை பி.எம்.ஐ. பிடிக்கிறது என்று பார்த்தது. பருமனுக்கு வழக்கமாகக் கொள்ளும் எல்லைகளைக் கொண்டு சலித்தால் அது பாதிப் பேரைத்தான் பிடித்தது. மறுபுறம், அது பருமன் என்று காட்டியவர்களைப் பெரும்பாலும் சரியாகவே காட்டியது. ஆகவே பி.எம்.ஐ. "அதிகம்" என்று சொன்னால் அதைக் கேட்க வேண்டும். "இயல்பு" என்று சொன்னால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

அதோடு, உங்கள் தாளில் "இயல்பு" என்று அச்சிட்ட மென்பொருள் எந்த எல்லைக்கோட்டைப் பயன்படுத்தியது என்பதையும் பார்க்க வேண்டும். 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் பருமன் என்ற உலகளாவிய எல்லைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்த மக்களிடம் திரட்டிய தரவுகளிலிருந்து வந்தவை. ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய எண்களையும் நடவடிக்கைக்குரிய புள்ளிகளாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இலேயே கூறிவிட்டது. 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி வெளியிட்ட ஒருமித்த வழிகாட்டுதலின்படி நமக்கு இயல்பு என்பது 22.9 வரைதான், 23 முதல் 24.9 வரை அதிக எடை, 25 முதல் பருமன். அதாவது இந்தியக் கணக்கில் உங்கள் 23.4 இயல்பே அல்ல. பல ஆய்வகங்களின் அச்சுத்தாள்கள் இன்னும் 25 என்ற கோட்டையே போட்டுக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனென்றால் இதை மாற்றப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை, மென்பொருளில் ஒரே ஓர் எண்ணைத் திருத்தினால் போதும்.

இந்த வேறுபாடு சிறியதன்று. இங்கிலாந்தில் பதினான்கு லட்சத்துக்கும் அதிகமானோரின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வு, வெள்ளையர்களுக்கு பி.எம்.ஐ. 30இல் எந்த அளவுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வருகிறதோ, அதே அளவு மற்ற இனத்தவர்க்கு எந்த எண்ணில் வருகிறது என்று கணக்கிட்டது. கறுப்பினத்தவருக்கு 28.1, சீனர்களுக்கு 26.9, அரேபியர்களுக்கு 26.6 என்று வந்தது. தெற்காசியர்களுக்கு வந்த எண் 23.9. உங்களுடைய 23.4 அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

நம் உடல் ஏன் இப்படி என்ற கேள்விக்குப் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யூட்கினும் 2004இல் ஒரே பக்கத்தில் பதில் காட்டினார்கள். இருவரும் தங்களையே அளந்துகொண்டு, தங்கள் படத்தையும் சேர்த்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. பார்ப்பதற்கும் இருவரும் ஒல்லியானவர்களே. ஆனால் ஒருவருடைய உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, மற்றவருடைய உடலில் 21.2 விழுக்காடு. அந்த மற்றவர் புனேக்காரர். யாஜ்னிக் குழுவினர் புனேயைச் சுற்றிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, நம் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவும் அந்தக் குழந்தைகள் 3.5 கிலோவும் இருந்தார்கள். எடையில் இத்தனை குறைவு இருந்தும், நம் குழந்தைகளிடம் குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் உறுப்புகளும்தான். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்து நிற்கும் உருவம் நம் ஊரில் அத்தனை இயல்பாகத் தெரிவதற்கு இப்படி ஒரு நீண்ட பின்னணி இருக்கிறது.

கொழுப்பு படியும் இடம் முக்கியம் என்பதும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. மார்செய்யைச் சேர்ந்த பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக், உடலின் மேற்பகுதியில் சேரும் பருமனே சர்க்கரை நோயோடும் இரத்தக்குழாய் நோயோடும் சேர்ந்து வருகிறது என்று 1947இலேயே எழுதினார். தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு ஓரளவுக்குப் பத்திரமான சேமிப்புக் கிடங்கு. அந்தக் கிடங்கு நிறைந்த பிறகு, அல்லது பிறவியிலேயே அது சிறியதாக இருந்தால், மிச்சம் வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிப் படிகிறது. அங்கிருந்து வெளியாகும் கொழுப்பு அமிலங்கள் நேராக ஈரலுக்குப் போகின்றன. ஈரலில் கொழுப்பு சேர்கிறது, இன்சுலினுக்கு உடல் பணிவது குறைகிறது, இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறுகிறது. 52 நாடுகளில் ஏறத்தாழ 27,000 பேரைக் கொண்டு நடந்து 2005இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்போடு இடுப்பு–பிட்ட விகிதத்துக்கு இருந்த தொடர்பு பி.எம்.ஐ.க்கு இருந்ததைவிட வலுவானது என்று காட்டியது.

இங்கே நம் மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் களத்தில் நேரும் பிழைகளில் பாதி இதிலிருந்தே வருகின்றன. தமிழில் இடுப்பு என்ற சொல் விலாவுக்குக் கீழே ஒடுங்கும் பகுதியையும் குறிக்கிறது, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் எலும்புப் பகுதியையும் குறிக்கிறது. தையற்காரர் எடுக்கும் இடுப்பளவு வேறு, மருத்துவர் கேட்கும் இடுப்பளவு வேறு. ஆண்களிடம் கேட்டால் கால்சட்டை வாங்கும் எண்ணைச் சொல்கிறார்கள். 34 என்றால் ஏறத்தாழ 86 செ.மீ., அது 90க்குக் கீழே இருக்கிறதே என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் கால்சட்டை தொப்பைக்குக் கீழே, எலும்பில் நிற்கிறது. தொப்பை அதற்கு மேலே வழிகிறது. நாடாவைச் சரியான இடத்தில் வைத்தால் அதே மனிதருக்கு 97, 98 என்று வரும். பெண்களிடம் பாவாடை நாடா கட்டும் தழும்பின் மேலேயே டேப்பைச் சுற்றிவிடுகிறார்கள். அந்தத் தழும்பு ஒருவருக்குத் தொப்புளுக்கு மேலே இருக்கும், இன்னொருவருக்கு நான்கு விரற்கடை கீழே இருக்கும். அரைஞாண் கயிறு கட்டியிருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: கயிறு இறுகினால் உடல் பெருத்திருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டுகொண்டது நல்ல கவனிப்புதான், ஆனால் கயிறு கிடக்கும் இடம் அளக்க வேண்டிய இடம் அன்று.

இந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கிராம முகாமில் கூட்டம் அதிகமாக இருந்ததால், ஆண்களிடம் கால்சட்டை அளவைக் கேட்டு அப்படியே எழுதிக்கொள்ளுமாறு உடனிருந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். பெண்களுக்குப் புடவை மடிப்புகளுக்கு மேலேயே அளந்தோம். பிறகு அவர்களில் சிலரை நிதானமாக, ஒழுங்காக அளந்தபோது, ஆண்களின் அளவுகள் வெகுவாகக் குறைந்தும் பெண்களின் அளவுகள் சில செ.மீ. கூடியும் பதிவாகியிருந்தன. அன்று "பரவாயில்லை, போங்கள்" என்று நான் அனுப்பிவைத்த ஆண்கள் எத்தனை பேர் என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே சரியாக அளப்பது எப்படி என்று எழுதுகிறேன், வீட்டிலேயே செய்துபாருங்கள். காலையில் வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்த பின், துணி விலக்கிய தோலின் மேல் அல்லது மிக மெல்லிய ஒற்றைத் துணியின் மேல் அளப்பது நல்லது. பாதங்களைச் சேர்த்து, கைகளைத் தளர விட்டு, நேராக நில்லுங்கள். பக்கவாட்டில் விரலால் தடவிக் கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பைக் கண்டுபிடியுங்கள், அதற்கு நேர் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பைக் கண்டுபிடியுங்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இடம் இதுதான். அமெரிக்க வழிகாட்டுதல்கள் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையே கொள்கின்றன, சிலர் தொப்புளைக் கொள்கிறார்கள். தொப்புளை நான் பரிந்துரைக்க மாட்டேன், வயிறு தொங்கினால் தொப்புளும் கூடவே இறங்கிவிடும். நாடா முன்னும் பின்னும் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், அதற்குக் கண்ணாடியோ இன்னொருவர் கண்ணோ தேவை. தோலில் படிய வேண்டும், தோலை அழுத்தக் கூடாது. மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடிக்கும் நொடியில் எண்ணைப் படியுங்கள். வயிற்றை உள்ளே இழுப்பது எல்லோரும் தம்மையறியாமல் செய்வது; பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்தால் அது தானாகத் தளரும். இரண்டு முறை அளந்து, வேறுபாடு 1 செ.மீ.க்குள் இருந்தால் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் திரும்பவும் அளக்க வேண்டும். பல ஆண்டுகள் புழங்கிய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும், நீண்ட டேப் இடுப்பைக் குறைத்துக் காட்டும். ஒரு நல்ல அளவுகோலோடு அதை வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

வீடு வீடாக வந்து அளப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு பெண்ணின் புடவையை விலக்கி அளக்கத் தனியறையும், அளப்பவர் பெண்ணாக இருப்பதும், முதலில் அனுமதி கேட்பதும் தேவை. வாசலில் நால்வர் நிற்க அளந்தால் அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொள்வார், அடுத்த முறை கதவையே திறக்க மாட்டார். எண்ணை உரக்கப் படிப்பதும், தெருவில் போகிறவர் காதில் விழும்படி "தொப்பை" என்று சொல்வதும் அளவைவிடப் பெரிய சேதத்தைச் செய்யும்.

இனி உங்கள் 84க்கு வருவோம். இந்தியர்களுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. என்பதே இன்று பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. ஐரோப்பிய ஆண்களுக்கு முதல் எல்லை 94, இரண்டாம் எல்லை 102. 2009ஆம் ஆண்டின் இந்திய வழிகாட்டுதல் இதற்கும் கீழே, ஆண்களுக்கு 78, பெண்களுக்கு 72 என்று, எடை கூடாமல் பார்த்துக்கொள்ளத் தொடங்க வேண்டிய முதல் கோட்டையும் வரைந்திருக்கிறது. நாடு முழுவதும் முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு, தொற்றா நோய்களின் அபாயத்தைக் கண்டறிய நிரப்பப்படும் படிவத்தில் பெண்களுக்கு 80 வரை சுழியம், 81 முதல் 90 வரை ஒரு மதிப்பெண், அதற்கு மேல் இரண்டு மதிப்பெண் என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே வந்து பார்க்கும் வழக்கம் பரவியிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்தவரும் அந்த வகையில் வந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே எண் என்பதிலும் ஒரு குறை உண்டு, அது உயரம். 180 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு 90 செ.மீ. இடுப்பு உயரத்தில் சரி பாதி. 145 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 80 செ.மீ. இடுப்பு பாதியைத் தாண்டி 0.55 ஆகிவிடுகிறது, ஆனாலும் எல்லைக்குள் இருப்பவர் என்றே அவர் பதிவாகிறார். நம் ஊர்ப் பெண்களில் 150க்குக் கீழே உயரமுள்ளவர்கள் ஏராளம் என்பதால், இடுப்பை உயரத்தோடு ஒப்பிடும் முறையே எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல் நிறுவனமான நைஸ் 2022இல் இதையே பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தது: இடுப்பை உயரத்தால் வகுத்தால் 0.4 முதல் 0.49 வரை நலம், 0.5 முதல் 0.59 வரை அபாயம் கூடியது, 0.6உம் அதற்கு மேலும் மிகக் கூடியது. ஆண், பெண், இனம் எதற்கும் தனித்தனி எண் தேவையில்லை. பி.எம்.ஐ. 35க்குக் கீழே இருப்பவர்களுக்கே இது பொருந்தும், அதற்கு மேல் போனவர்களுக்கு இடுப்பை அளந்து புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. எண்ணே தெரியாதவரும் இதைச் செய்யலாம். உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை அறுத்து, அதைச் சரியாக இரண்டாக மடித்து, நான் சொன்ன இடத்தில் இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். நுனிகள் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடாவிட்டால் அந்த இடைவெளிதான் செய்தி. உங்களுக்கு 84ஐ 152ஆல் வகுத்தால் 0.55 வருகிறது. உங்கள் கணவருக்கு 83ஐ 172ஆல் வகுத்தால் 0.48.

இடுப்பு–பிட்ட விகிதத்தையும் பலர் கேட்கிறார்கள். பெண்களுக்கு 0.85, ஆண்களுக்கு 0.90 என்பது அதன் எல்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியப் பெண்களில் 24 விழுக்காட்டினரே பி.எம்.ஐ. 25ஐ எட்டியவர்கள்; ஆனால் 56.7 விழுக்காட்டினருக்கு இந்த விகிதம் அபாய எல்லையில் இருந்தது. ஆண்களில் அதே எண்கள் 22.9, 47.7. இரண்டு சல்லடைகளுக்கும் இடையே எத்தனை கோடிப் பேர் நிற்கிறார்கள் என்பதை இது காட்டுகிறது. இருந்தாலும் வீட்டில் தொடர்ந்து அளக்க நான் இதைச் சொல்வதில்லை. இரண்டு இடங்களில் அளப்பதால் பிழையும் இரண்டு மடங்காகிறது, எடை குறையும்போது இடுப்பும் பிட்டமும் சேர்ந்தே குறைந்து விகிதம் அசையாமல் நின்று மனத்தைச் சோர்வடையச் செய்யும். கழுத்துச் சுற்றளவு, தோல் மடிப்பைக் கிள்ளி அளக்கும் இடுக்கி முதலியவை ஆய்வுக்கு உதவும், வீட்டுக்குத் தேவையில்லை. ஏறி நின்றால் கொழுப்பு விழுக்காட்டைக் காட்டும் எடை இயந்திரங்கள் உடலில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்கு உடல் கொடுக்கும் தடையிலிருந்து ஒரு கணக்குப் போட்டுச் சொல்கின்றன. தண்ணீர் குடித்திருப்பது, வியர்த்திருப்பது, அந்தக் கணக்கு எந்த மக்களை வைத்து எழுதப்பட்டது என்பவை எல்லாம் அந்த எண்ணை மாற்றும்.

நாடாவும் ஏமாற்றும் இடங்கள் உண்டு. கருவுற்றிருப்பவர்களுக்கும் அண்மையில் குழந்தை பெற்றவர்களுக்கும் இந்த எல்லைகள் பொருந்தா. ஈரல் நோயால் வயிற்றில் நீர் கோத்திருப்பவர், கருப்பையில் பெரிய கட்டி உள்ளவர், குடலிறக்கம் உள்ளவர் ஆகியோருக்கு வயிறு பெரிதாக இருப்பது கொழுப்பினால் அன்று. கை கால் மெலிந்துகொண்டே வந்து வயிறு மட்டும் வேகமாகப் பெருத்தால் அதைத் தொப்பை என்று ஒதுக்காமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதியவர்களுக்கு முதுகெலும்பு நசுங்கி உயரம் குறைவதால் பி.எம்.ஐ. பொய்யாகக் கூடும், அதே சமயம் தசை கரைந்து அந்த இடத்தைக் கொழுப்பு பிடிப்பதால் எடை மாறாமலே ஆபத்து கூடும். எழுபதைக் கடந்தவரிடம் நான் எடையைவிட, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்பதையே முதலில் பார்ப்பேன்.

உங்கள் கணவரின் 25.7 இந்தியக் கணக்கில் பருமன் என்ற வரிசையில் விழுகிறது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் பத்து ஆண்டுகள் பளு தூக்கியவருக்குத் தசை கூடியிருக்கும் என்பதும், இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருப்பதும் சேர்ந்து, அந்த எடையில் பெரும்பகுதி கெட்ட இடத்தில் இல்லை என்று சொல்கின்றன. ஒரே அளவை வைத்து முத்திரை குத்தும் இந்தப் பழக்கத்தை மாற்றத்தான் 2025 ஜனவரியில் உலக அளவிலான ஒரு மருத்துவ ஆணையம், பி.எம்.ஐ.யை மட்டும் கொண்டு தனியொருவருக்குப் பருமன் என்று முடிவு செய்யக் கூடாது என்று கூறியது. இடுப்பளவு, இடுப்பு–உயர விகிதம் போன்ற இன்னோர் அளவோ நேரடியான கொழுப்பு அளவீடோ துணைக்கு வேண்டும் என்றும், 40க்கு மேல் போனவர்களுக்கு மட்டும் அது தேவையில்லை என்றும் அது சொன்னது. மிகைக் கொழுப்பு இருந்தும் உறுப்புகள் பழுதின்றி இயங்கும் நிலையையும், உறுப்புகள் பாதிக்கப்பட்டுவிட்ட நிலையையும் அது இரண்டாகப் பிரித்தது. சோதனைக்குப் பிறகுதான் நீங்கள் எந்தப் பக்கம் என்பது தெரியும்.

அந்தச் சோதனை உங்களுக்குத் தேவை என்பதற்குச் சென்னையிலேயே உருவான ஒரு கணக்கு இருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் நான்கே கேள்விகளைக் கேட்கிறது: வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்பது. எடை அதில் இல்லவே இல்லை. 35 முதல் 49 வயதுக்கு 20, பெண்களுக்கு 80 முதல் 89 செ.மீ. வரையிலான இடுப்புக்கு 10, உட்கார்ந்த வேலையோடு உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. இதிலேயே உங்களுக்கு 60 வந்துவிட்டது. 60 என்றால் அபாயம் மிகுந்தவர் என்று பொருள். பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் 10, இருவருக்கும் இருந்தால் 20 கூடும். உங்கள் கணவருக்கு வயதுக்கு 20, இடுப்புக்கு ஒன்றுமில்லை, உடற்பயிற்சி உண்டு ஆனால் உடலுழைப்பான வேலை இல்லை என்று கொண்டால் 20. ஆக 40, நடுத்தர அபாயம்.

எனவே நீங்கள் வெறும் வயிற்றிலும் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை அளவு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., இரத்தக் கொழுப்புகள், ஈரல் நொதிகள், இரத்த அழுத்தம் ஆகியவற்றை இந்த மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். கணவரும் கூடவே வரட்டும். அவருக்கு அவசரம் இல்லை, ஆனால் நாற்பதைத் தாண்டியவர்.

முடிவுகள் எப்படி வந்தாலும் எடை இயந்திரத்தின் முள்ளோடு சண்டை போட வேண்டாம். மருத்துவர் அ. ராமச்சந்திரன் சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் பங்கேற்றார்கள். நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்த குழுவில், அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடையோ சொல்லும்படியாகக் குறையவில்லை. ஆகவே நடக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகும்வரை நாடாவை எடுக்காதீர்கள். அதன் பிறகு அதே நாடா, அதே இடம், அதே காலை நேரம் என்று வைத்து அளந்து, இரண்டு செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் மட்டும் அதைக் குறைவு என்று குறித்துக்கொள்ளுங்கள். 76 செ.மீ.க்கு வரும்போது உங்கள் நூலின் நுனிகள் தொட்டுக்கொள்ளும்.